உங்கள் கை பட்ட மிளகாய்க் கண்டு

யோகம் மச்சாளுக்கு,

முன்னால் 'அன்புள்ள' என்று எழுதி வெட்டிவிட்டேன். பத்து வருஷம் ஒரே குசினிக்குள் சமைத்து முட்டிக்கொண்ட எங்களுக்கு அந்தச் சொல் பொருந்தாது. நீங்கள் போய் இரண்டு மாதமாகிறது. என் கோபம் இன்னும் போகவில்லை.

லண்டன் சட்டனில் இந்த வருஷமும் அதே கூத்துத்தான். பங்குனிக் கடைசியில் மூன்று நாள் வெயில் எறித்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி சட்டைக் கையை மடித்துவிட்டுப் புல்லு வெட்டினாள். நாலாம் நாள் ஆலங்கட்டி மழை. நீங்கள் இருந்திருந்தால் பின்னுகிற ஊசியை நிறுத்தாமலே, "உந்த வெயிலை நம்பாதேயும்" என்று எனக்குப் புத்தி சொல்லியிருப்பீர்கள். நம்பியது யார், மச்சாள்?

அபி என் வயிற்றில் இருந்த அந்தச் சித்திரை வருஷப்பிறப்பை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாசியிலிருந்து யோகட் கோப்பைகளில் முளைக்க வைத்து, ஏழு மாத வயிற்றோடு நான் தண்ணீர் விட்டு வளர்த்த மிளகாய்க் கண்டுகள். நான் காலை ஷிப்டுக்குப் போன கையோடு, பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் என்று எல்லாவற்றையும் வெளியே நட்டுவிட்டீர்கள். அதுவும் யாழ்ப்பாணத்து நேரம். அங்கே பதினொன்றரை, இங்கே விறைக்கும் குளிரில் காலை ஏழு.

"மே மாதம் வரைக்கும் வெளியில வைக்கப்படாது எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"நல்ல நேரத்தில வச்சது. ஒண்டும் ஆகாது."

அன்றிரவே உறைபனி விழுந்தது. விடிந்து பார்த்தால் அத்தனையும் அவித்த கீரையாகக் கிடந்தன. அப்போதுதான் அதைச் சொன்னேன். "உங்கட கை பட்டது ஒண்டும் தழைக்காது."

புருஷனையும் ஒரே பிள்ளையையும் பறிகொடுத்துவிட்டு, தம்பி வீடே கதியென்று லண்டனுக்கு வந்த மனுசிக்கு அதைச் சொன்னேன். வாய் தவறி வந்துவிட்டது என்று உங்கள் தம்பியிடம் சொன்னது பொய். தெரிந்துதான் சொன்னேன்.

என் பிள்ளைக்கென்று பின்னிக்கொண்டிருந்த மஞ்சள் சட்டை உங்கள் மடியில் கிடந்தது. ஒரு கை மட்டும்தான் பாக்கி. அதை ஊசியிலிருந்து கழற்றி, நூலைப் பிடித்து இழுத்து, வரி வரியாக முழுவதையும் என் கண் முன்னாலேயே அவிழ்த்தீர்கள்.

பழிவாங்குகிறீர்கள் என்று நினைத்தேன். விம்பிள்டன் கோயிலில் கண்ட சனத்துக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். அபி பிறந்த பிறகு, ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தொப்பியும் கையுறையும் பின்னினீர்கள், அவளுக்கு ஒன்றுமில்லை. ஒருநாளாவது அவளைத் தூக்கவில்லை. தடிப்பு, திமிர் என்று நினைத்தேன். தோட்டப்பக்கமும் நீங்கள் இறங்கவில்லை. சனியன் விட்டது என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை, அபி உங்கள் கையைப் பிடிக்க வந்தாள். நீங்கள் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டீர்கள்.

"வேண்டாம் குஞ்சு. இந்தக் கை சரியில்லை. அம்மாவுக்குத் தெரியும்."

அவளுக்கு எட்டு வயது. "ஏனம்மா?" என்று இன்றைக்கும் கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

உப்பைக் குறையுங்கோ என்றேன், கேட்கவில்லை. ஹீற்றரைக் கூட்டாதேயுங்கோ என்றேன், கேட்கவில்லை. நெஞ்சு நோகுதென்றால் டொக்டரிட்டைப் போங்கோ என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன், அதையும் கேட்கவில்லை. நான் சொன்ன ஆயிரம் சொல்லில் ஒன்றையும் கேட்காத நீங்கள், அந்த ஒரு சொல்லை மட்டும் ஏன் கேட்டீர்கள்? திருப்பி ஒரு தரம் ஏசியிருந்தால் அன்றைக்கே அழுது தீர்த்திருப்பேன். என் கோபமெல்லாம் இதுதான்.

உங்கள் பின்னல் பையைத் திறந்தேன். மஞ்சள் நூல் உருண்டையாக இருந்தது. அவிழ்த்த நூலின் சுருக்கம் இன்னும் போகவில்லை. அடியில் ஒரு துணி முடிச்சில், நீங்கள் காயவைத்த மிளகாய் விதைகள். யாருக்கென்று எடுத்து வைத்தீர்கள்?

அத்தனையையும் விதைத்தேன். ஒன்றுதான் முளைத்தது. மஞ்சள் நூலால் அதை மூட ஒரு தொப்பி பின்னியிருக்கிறேன். என் பின்னலை மீன்வலை என்பீர்களே, அந்த வலைதான்.

நாளைக்கு வருஷப்பிறப்பு. உங்கள் நல்ல நேரம் வரும், போகும். கண்டு யன்னலை விட்டு அசையாது. மே மாதம் வரைக்கும் நான் விடமாட்டேன், உங்கள் பேச்சைக் கேட்கவும் மாட்டேன். அது காய்க்கும். முதல் காயை அபியின் கையால் பிடுங்கி உங்கள் படத்தடியில் வைத்து, அன்றைக்கு அம்மா சொன்னது பொய்யென்று அவளுக்குச் சொல்லுவேன். இது சத்தியம்.

அதுவரைக்கும் உங்களோடு கோபந்தான்.

உங்கள் தம்பி பெண்சாதி,
மச்சாள் சாந்தி