மூன்றடித் திறப்பு

மார்ச் 4, செவ்வாய்

குளியலறைக்குக் கதவு இல்லாமலே ஒரு வாரம் ஓடிவிட்டது. பழைய படுக்கை விரிப்பை ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். உடைத்த கதவு நடையில் சுவரோடு சாய்ந்து நிற்கிறது. போகும்போதும் வரும்போதும் முழங்கையில் இடிக்கிறது. தூக்கிப் போடலாமா என்றால் இவர், "இருக்கட்டும்" என்கிறார். எதற்கு? வைத்து அழகு பார்க்கவா?

தையல் கடையில் இன்று கால்சட்டைகளாக வந்து குவிந்தன. எல்லாம் நீளம் குறைக்க வேண்டியவை. நாள் முழுக்கக் குனிந்து ஊரார் கால்களை அளந்ததில் இடுப்பு விட்டுப்போயிற்று.

மார்ச் 5, புதன்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

கதவு உடைந்த அன்று, குளியலறையில் சத்தம் கேட்டு ஓடினேன். கதவு உட்பக்கம் திறக்கிற கதவு. இவர் அதற்குக் குறுக்கே விழுந்து கிடக்கிறார். தாழ்ப்பாள் போடவில்லை, ஆனாலும் திறக்க முடியவில்லை. தள்ளினால் இவர் முதுகில் இடிக்கிறது. தள்ளாமலும் இருக்க முடியவில்லை. நான் கத்துகிறேன், அழுகிறேன், என்ன பேசினேன் என்றே தெரியவில்லை. உள்ளே தரையிலிருந்து இவர் குரல்: "தள்ளாதே. பதறாதே. எனக்குக் காத்து வருது."

நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வாராம். பதறாதீங்க, உக்காருங்க, காத்து வரும். அதையே என்னிடம் சொல்கிறார் மனுஷன், ஈரத் தரையில் கிடந்துகொண்டு!

எதிர்வீட்டுக்காரர் கடப்பாரை கொண்டுவந்து மேல்பலகையை உடைத்தார். நான் ஏறி உள்ளே குதித்து முதலில் செய்த வேலை, துண்டை எடுத்து இவர்மேல் போட்டதுதான். ஆனால் அதற்குள் எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். இவருக்கு அடி ஒன்றும் பெரிதாக இல்லை. அன்றிலிருந்து எதிர்வீட்டு வாசல் பக்கம் தலை திருப்புவதில்லை. அதுதான் அடி.

மார்ச் 9, ஞாயிறு

மகள் ஃபோன். "அம்மா, அப்பாவைக் குளிப்பாட்ட ஒரு ஆள் வெச்சுடலாம். நான் ஏற்பாடு பண்றேன். உன்னால முடியாது."

ஸ்பீக்கரில் போட்டிருந்ததை மறந்துவிட்டேன். எனக்கும் புத்தி எங்கே போயிற்று? இவர் கேட்டுவிட்டார். "வேத்தாள் கையில குளிக்கிறதுக்கு நான் குளிக்காமலே கெடப்பேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தார். நடுக்குவாதம் என்று டாக்டர் பெயர் சொல்லி மூன்று வருஷமாகிறது. சட்டைப் பட்டன் என் வேலையாயிற்று. சவரம் என் வேலையாயிற்று. குளியல் ஒன்றுதான் இன்னும் இவருடையது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். குளியலறையை இடித்துப் புதிதாகக் கட்டுவது. அதன் வாசல் கதவு இனி வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே ஷவருக்கு மட்டும் ஒரு பக்கம் ஒதுக்கிக் கண்ணாடித் தள்ளுகதவு. மற்ற தரை ஈரமாகாது. உள்ளே யாராவது விழுந்தாலும் தள்ளுகதவு யார்மேலும் இடிக்காது.

மகளிடம் சொன்னேன். "கதவு போட்டா சரியாயிடுமாம்மா?" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை.

மார்ச் 12, புதன்

கண்ணாடிக் கடைக்குப் போனோம். கடைக்காரருக்கு நான் பரவாயில்லைக்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன். எது சொன்னாலும் "பரவாயில்லைம்மா, பண்ணிடலாம்."

இவரை இப்படிப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! மாதிரிக்கு நிறுத்தியிருந்த ஒவ்வொரு கதவையும் தள்ளிப் பார்த்தார். காதைச் சாய்த்துச் சக்கரத்தின் சத்தம் கேட்டார். "இது ஒரு வருஷத்துல முனகும்." "இது இப்பவே முனகுது." கீழே தண்டவாளம் வைத்த கதவைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "கால் இடறும், அழுக்கு சேரும். கதவுன்னா மேலேருந்து தொங்கணும்." அப்படித் தொங்குகிற ஒன்றைக் காட்டினார்கள். விரல் நுனியால் தொட்டார், ஓடிப் போய் நின்றது. நடுங்குகிற விரல்தான். கதவுக்கு அது தெரியவில்லை.

"நான் வந்து அளந்துக்கறேன் ஐயா" என்றார் பரவாயில்லைக்காரர்.

"நாப்பது வருஷம் கதவுதான் அளந்திருக்கேன். என் வீட்டை அளக்க நீங்க வரணுமா?"

"பரவாயில்லை ஐயா, நீங்களே சொல்லுங்க. ஒண்ணு மட்டும். இந்தக் கண்ணாடி சூளையில போய் உறுதியாகி வர்றது. வந்தப்புறம் வெட்டவும் முடியாது, துளை போடவும் முடியாது."

துணிக்கு ஓரத்தில் கொஞ்சம் மடித்து விட்டுத் தைப்போம், பிறகு பிரித்துக்கொள்ளலாம். கண்ணாடிக்கு அந்த வசதி இல்லையாம்.

மார்ச் 14, வெள்ளி

அளக்கப் போகிறேன் என்று எழுந்தார். என் டேப்பை நீட்டினேன். "உன் டேப் துணிக்கு. தள்ளு." கட்டிலடியிலிருந்து தன் கருவிப்பெட்டியை இழுத்தார். கொத்தனார் நுனியைப் பிடித்துக்கொள்கிறேன் என்றதற்கும் வேண்டாமாம். வெகுநேரம் உள்ளேயே இருந்தார். வெளியே வந்து கண்ணாடிக் கடைக்கு ஃபோன் பண்ணினார். நான் அடுப்படியில் இருந்தேன். என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை.

முகத்தில் ஒரு களை இருந்தது. போகட்டும், இந்த ஒன்றாவது அவர் கையால் நடக்கட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

சண்டை.

கண்ணாடியை நாளைக்குள் முடிவு செய்ய வேண்டும். நான் தெளிவான கண்ணாடி என்றேன். இவர் மங்கல் கண்ணாடி என்றார், முழுக்க. உள்ளே இருப்பது ஆளா தூணா என்றுகூடத் தெரியக் கூடாதாம்.

"விழுந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"சத்தம் கேக்கும்ல."

இப்படியும் ஒருவர் பேசுவாரா? எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "அந்தச் சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகலைங்க" என்று கத்தினேன். கொஞ்சம் இறங்கி வந்து, சரி, கீழே முழங்கால் வரை மட்டும் தெளிவாக இருக்கட்டும், காலைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று கேட்டேன். நின்றால் கால் தெரியும். விழுந்தால் எல்லாமே தெரியும்.

"என்னை யாரும் பாக்க வேணாம்! நான் தனியாத்தான் குளிப்பேன். கடைசிவரைக்கும் தனியாத்தான் குளிப்பேன்."

யாரும். நானும் அந்த 'யாரும்' கணக்கில் சேர்ந்துவிட்டேன். முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, எதிர்வீட்டுக்காரரும் நானும் ஒன்று.

முழுக்க மங்கலாகவே சொல்லிவிட்டேன். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

மார்ச் 21, வெள்ளி

ஓடு பதித்தாகிவிட்டது. வழுக்காத ஓடு. வெறுங்காலோடு நடந்து பார்த்தேன். பேசிக்கொள்வது சாப்பாடு, மாத்திரை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 2, புதன்

கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

கண்ணாடி வந்தது. என் கடைக்கு லீவு சொல்லிவிட்டு நின்றேன். ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள், போனவர்கள் அப்படியே நின்றார்கள். சுவருக்குச் சுவர் ஐந்தடி. கதவு மூன்றடி. ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கம் ரெண்டடி ஓட்டை.

பரவாயில்லைக்காரர் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. "ஐயா, ஃபோன்ல கதவு அகலம் மூணடின்னுதானே சொன்னீங்க?"

"ஆமா. மூணடிதான்." இவருக்கு இன்னும் புரியவில்லை. "கதவு தெறந்தா மூணடி."

அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. லிஃப்ட் வேலையில் கதவு அகலம் என்றால் திறந்தபின் ஆள் நுழைகிற வழி. சுவருக்குச் சுவர் அளவு வேறு கணக்கு. கண்ணாடிக் கடையில் கதவு அகலம் என்றால் சுவருக்குச் சுவர். நாற்பது வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்படிப் பாத்தாலும் ரெண்டு கதவு போட்டா மூணடி வழி கிடைக்காதுங்க. பாதிதான் திறக்கும். மூணு கதவு, ஒண்ணு பின்னாடி ஒண்ணு போற மாதிரி போடணும்." கடைக்காரர் தயங்கிவிட்டுக் கேட்டார், "ஒரு ஆள் குளிக்க ரெண்டடி வழியே தாராளம். எதுக்குங்க ஐயா மூணடி?"

இவர் திரும்பி நடந்தார். கை நடுக்கம் தோள்வரை ஏறியிருந்தது. வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "கைதான் போச்சுன்னு நெனச்சேன்" என்றார். "கணக்கும் போயிடுச்சு."

அந்தக் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஏப்ரல் 3, வியாழன்

எழுந்திருக்கவில்லை. கருவிப்பெட்டியை எடுத்து யாருக்காவது கொடுத்துவிடு என்றார். கொடுக்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

மூணடி எதற்கு?

மூன்று நாளாக இதுதான் மண்டையைக் குடைகிறது. சக்கர நாற்காலியோ? டாக்டர் என்னிடம் சொல்லாமல் இவரிடம் ஏதாவது சொல்லியிருப்பாரோ? காலையில் சட்டைப் பட்டன் போட்டுவிடும்போது முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டேன்.

"எதுக்குங்க மூணடி? உண்மையைச் சொல்லுங்க."

மூன்றாவது பட்டனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு ஆளுக்கு ரெண்டடி. ஒரு ஆளை இன்னொரு ஆள் பிடிச்சுக்கிட்டு நுழையணும்னா மூணடி வேணும்."

"இன்னொரு ஆள் யாரு?"

"கேக்கறா பாரு கேள்வி."

பட்டன் கையிலேயே நின்றுவிட்டது. அளந்தது வெள்ளிக்கிழமை. சண்டை போட்டது ஞாயிற்றுக்கிழமை. அப்படியென்றால், கடைசிவரைக்கும் தனியாத்தான் குளிப்பேன் என்று இந்த மனுஷன் வீடு அதிரக் கத்தியபோதே எனக்கும் சேர்த்து இடம் சொல்லிவிட்டுத்தான் வந்து கத்தியிருக்கிறார்! சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. ரெண்டையும் ஒன்றாக வரவிட்டேன்.

"இப்ப இல்ல" என்றார் அவசரமாக. "இப்பத் தனியாத்தான். ஆனா கதவு இன்னைக்குப் போட்டு நாளைக்குக் கழட்டறது இல்ல பாரு. எது வரப்போகுதோ அதுக்கும் சேத்துத்தான் அளக்கணும்."

"உங்க கணக்கு எங்கேயும் போகலைங்க" என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பரவாயில்லைக்காரருக்கு நானே ஃபோன் பண்ணினேன். மூன்று கதவு, மேலிருந்து தொங்குவது. இந்தத் தடவை அவரே வந்து அளப்பார். இவர் பக்கத்தில் நின்று தப்புக் கண்டுபிடிப்பார். பழைய கண்ணாடி வேறு வீட்டுக்கு ஆகுமாம். "பரவாயில்லைம்மா" மறுபடி வந்துவிட்டது. காதுக்கு இதமாக இருந்தது.

வைக்கப்போனேன், இவர் ஃபோனை வாங்கினார். "கீழ முழங்கால் வரைக்கும் தெளிவாப் போட்டுடுங்க." என் பக்கம் திரும்பினார். "நீ உள்ள வர்ற நாள் வரைக்கும் காலைப் பாத்துக்கோ."

மகளிடம், ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "உன்னால தனியா எப்படிம்மா?" என்றாள். தனியா இல்லடி, ரெண்டு பேர் என்றேன். அவளுக்கு எங்கே புரியப்போகிறது.

ஏப்ரல் 19, சனி

பொருத்தியாகிவிட்டது. மயிரிழை பிசகவில்லை. சக்கரம் முனகவில்லை என்று இவரும் சான்றிதழ் கொடுத்தார்.

எல்லோரும் போனபின் கருவிப்பெட்டியைத் திறந்து ஒரு சின்னத் தகடு எடுத்தார். எப்போதோ கழற்றிப் போட்ட ஒரு பழைய லிஃப்டில் இருந்ததாம். பின்னால் பசை நாடா ஒட்டிக் கொடு என்றார், கொடுத்தேன். உட்பக்கச் சுவரில் தானே ஒட்டினார். கை ஆடி, கொஞ்சம் கோணலாகிவிட்டது. கோணல் என்றால் பொறுக்காத ஆள். பார்த்தார். விட்டுவிட்டார்.

அதிகபட்சம் 2 பேர்.

உடைந்த கதவை எதிர்வீட்டுக்காரர் வந்து எடுத்துப் போனார். கூப்பிட்டது இவர்தான்.

ஜூன் 3, செவ்வாய்

தினமும் வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்கிறேன். கால்கள் ரெண்டும் தெரிகின்றன. நடுவே கொஞ்சம் பாட்டுச் சத்தமும். சுருதி எங்கேயோ, இவர் எங்கேயோ. இருந்தாலும் கேட்கிறது.

ஜூலை 18, வெள்ளி

மாத்திரை அளவைக் கூட்டியிருக்கிறார் டாக்டர். பாட்டு நின்று ஒரு வாரமாகிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் ஸ்டூலில் உட்கார்ந்து, யாரோ ஒருவர் கோட்டுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் விழுகிறது. கால்கள் தெரிகின்றன. ஆனால் அசையவில்லை. திரும்ப நினைக்கிறார் என்று குதிகாலைப் பார்த்தாலே தெரிந்தது. தூக்கப் பார்க்கிறார், தரையோடு ஒட்டவைத்ததுபோல் அது அங்கேயே நிற்கிறது. மறுபடி பார்க்கிறார். வரவில்லை.

எழுந்துவிட்டேன். கூப்பிடவில்லை. பதறாதே, பதறாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன்.

கதவு நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. இத்தனை நாளும் ஒருக்களித்துப் போக வேண்டிய அளவு மட்டும்தான் திறப்பார். இன்று மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக முழுக்கப் போய் ஓரத்தில் சேர்ந்தன. இவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த தகட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இடம் இருக்கு."

கட்டியிருந்த துணியோடு அப்படியே உள்ளே போனேன். கையை என் தோள்மேல் போட்டுக்கொண்டார். நல்ல கனம். முதுகு தேய்த்துவிட்டேன், தலைக்கு ஊற்றினேன். அழுதாரா என்று தெரியாது. தண்ணீரில் என்ன தெரியும்? ரொம்ப நேரம் கழித்து, "சூடு உனக்குப் போதுமா?" என்று கேட்டார்.

போதும் என்றேன்.

கடைக்குத் தாமதமாகத்தான் போனேன். தலை ஏன் இவ்வளவு ஈரம் என்று கேட்டார்கள். மழை என்றேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.