வேப்பிலை அவிழ்த்த வாசல்

சூரமங்கலத்து ரயில்காரருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஆடுகள் ரொம்பச் சுகம். போன மாதம் அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றதும் நம் தெருவே வாசலில் வேப்பிலை கட்டிக்கொண்டது. அம்மன் இறங்கிய வீடென்று நினைத்து அவர் உள்ளே வரமாட்டாராம்!

நானும் கட்டினேன். போன வருஷம் பெரியவளுக்கு அம்மை கண்டபோது கட்டிய வேப்பிலை ஞாபகம் வந்தது. அவிழ்த்துவிட்டேன்.

“உள்ள வாங்க சாமி” என்று நானே கூப்பிட்டு நம் சின்னவன் செங்கோடனின் கையை நீட்டினேன். பயல் அழவில்லை, அவர் மீசையைப் பிடித்து இழுத்தான்! பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக் காளியாத்தாள், “ஏனுங்க, எம்புள்ளைக்கும் குத்திப்போடுங்க” என்று ஓடிவந்தாள். சாயங்காலத்துக்குள் தெருவின் வேப்பிலையெல்லாம் ஆட்டு வயிற்றில்.

அவனுக்குக் குத்திய இடத்தில் பொருக்கு உதிர்ந்துவிட்டது. பெட்டியில் பூட்டியிருந்த பெரியவளின் கொலுசை இன்று தம்பி காலில் போட்டேன். வீடெல்லாம் சத்தம். வந்து கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் அம்மா