அண்டைக்கு நீ சொன்னது

பள்ளிமுனை,
மன்னார்.
18.02.2024

என் அன்பு மகள் நிருஷாவுக்கு,

அப்பா எழுதிறன். உடம்புக்கு ஒரு குறையுமில்லை. நேற்றும் ரெண்டு போட் எஞ்சின் கழட்டிப் பூட்டினனான். நீயும், மருமகன் சாந்தனும், உன்ர வயித்தில இருக்கிற என்ர பேரப்பிள்ளையும் சுகமா இருக்கவேணுமெண்டு மாதாவை மன்றாடாத நாளில்லை. ஏழு வருசத்துக்குப் பிறகு தந்த பிள்ளை. கவனமா இரு.

நீ நோர்வேயில இருந்துகொண்டு கொழும்புக் கம்பனியில ஓடர் பண்ணி அனுப்பின காது மெஷின் வந்து ஒரு மாதமாகுது. பெட்டி வலு வடிவு. நாப்பது வருசம் எஞ்சினுக்குப் பக்கத்தில நிண்டு போன காதுக்கு ராசா வீட்டு நகை மாதிரி ஒரு சாமான். முதல் நாலு நாள் கோயில் மணி கேட்டுது. சுவாமியின்ர பிரசங்கமும் கேட்டுது. அவர் இவ்வளவு நேரம் பிரசங்கம் வைக்கிறவரெண்டு எனக்கு இதுவரைக்கும் தெரியாது.

ஐஞ்சாம் நாள் விசிலடிக்கத் தொடங்கினது, மகள். ஆர் வாய் திறந்தாலும் கூ எண்டு ஒரே கூவல். அதுக்குள்ள சொல்லு ஒண்டும் பிடிபடேல்லை. டவுணில போன் கடை வைச்சிருக்கிற முனவ்வரிட்டக் கொண்டுபோனன். அவர் பெட்டிக்குள்ள இருந்த கடதாசியை வாசிச்சுப் பார்த்திட்டு, "அண்ணன், பழுதெண்டா போனிலதான் அறிவிக்கவேணுமாம்" எண்டு எழுதிக் காட்டினார். அவரே எடுத்தார். அரை மணித்தியாலம் பாட்டுத்தான் போனது. பிறகு ஒரு பொம்பிளைப்பிள்ளை லைனில வந்து, பாவிக்கிற ஆள்தான் கதைக்கவேணுமெண்டு சொன்னாவாம். முனவ்வர் கத்தின கத்து எனக்கே கேட்டுது: "தங்கச்சி, அவருக்குக் காது கேக்காதெண்டுதானே மெஷின் வாங்கினது!" அந்தப் பிள்ளை போனை வைச்சிட்டா.

போன கிழமை பஸ் ஏறிக் கொழும்புக்கே போனனான். நம்பர் துண்டு தந்து இருக்கச் சொன்னவை. நம்பரைக் கூப்பிட்டுத்தான் எடுக்கிறவை. எனக்கு எங்க கேட்டது? எனக்குப் பின்னால வந்த சனமெல்லாம் போன பிறகு, நாலு மணிக்குக் காவல்காரர் வந்து தோளில தட்டினார். உள்ளுக்குக் கொண்டுபோய் வயர் ஒண்டைக் குத்திப் பார்த்திட்டு, நல்லா இருக்கெண்டு பெருவிரலைக் காட்டித் திருப்பித் தந்தவை. மாத்தித் தரச் சொல்லிக் கேட்டதுக்கு, வாங்கின ஆள் நேரில வரட்டுமெண்டு எழுதிக் காட்டினவை.

நீ யோசியாதை. நடந்ததைச் சொன்னன், அவ்வளவுதான்.

உன்ர அப்பா,
அமிர்தநாயகம்

•

பேர்கன்,
நோர்வே.
10.03.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைச்சது. வாசிச்சு முதல் சிரிச்சன், பிறகு அழுதன். நாள் முழுக்க அந்தக் கதிரையில உங்களை இருத்தி வைச்சவங்களை நான் சும்மா விடமாட்டன்.

இதுவரைக்கும் முப்பத்தொரு ஈமெயில் போட்டிருக்கிறன், அப்பா. ஒவ்வொண்டுக்கும் ஒரு நிமிசத்தில பதில் வரும்: உங்கள் முறைப்பாடு எங்களுக்கு முக்கியமானது. அவ்வளவுதான். ஒருக்கா ஒரு மனுசன் எழுதினார், காதை வடிவாத் துப்புரவாக்கச் சொல்லட்டாம். நேற்று, முறைப்பாடு தீர்க்கப்பட்டது எண்டு ஒண்டு வந்தது. ஆர் தீர்த்தது, எப்பிடித் தீர்த்தது எண்டில்லை. கீழ, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் எண்டு கேட்டிருக்கு. நான் அந்தக் கொம்பியூட்டரைத் தூக்கி எறியாத குறை.

பிறசர் கொஞ்சம் கூடிப்போச்சு. ரென்சன் ஆகக்கூடாதெண்டு மருத்துவிச்சி கண்டிப்பாச் சொன்னவ. சாந்தன் லப்டொப்பை எடுத்து அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டார். "உனக்கு அப்பாவின்ர காது வேணுமோ, பிள்ளை வேணுமோ?" எண்டு கேட்டார். சண்டை வந்திட்டுது. எனக்கு ரெண்டும் வேணும். அம்மா இருந்திருந்தா அவவோட கதைச்சிருப்பன். இப்ப எனக்குக் கதைக்க நீங்கள் ஒராள்தானே. போன் எடுத்து நாலு சொல்லுக் கதைக்க ஏலாதெண்டா எனக்கு என்ன இருக்கு?

விடமாட்டன், அப்பா. சட்டத்தரணி ஒராளோட கதைச்சிருக்கிறன்.

உங்கட மகள்,
நிருஷா

•

பள்ளிமுனை,
30.03.2024

அன்பு மகளுக்கு,

நல்ல செய்தியோட எழுதிறன். மெஷின் சரிவந்திட்டுது. முருங்கனில முனவ்வருக்குத் தெரிஞ்ச பெடியன் ஒராள் இருக்கிறான். திறந்து பார்த்து, உள்ளுக்கு ஏதோ சின்ன வயர் விட்டுப்போய்க் கிடந்ததைப் பூட்டித் தந்தவன். இப்ப காகம் கரையிறதிலயிருந்து எல்லாம் கேக்குது. நீ இனி ஒருத்தருக்கும் ஒண்டும் எழுதவேண்டாம். சட்டத்தரணியும் வேண்டாம்.

போனில கனநேரம் கதைச்சா மட்டும் மெஷினில பற்றரி இறங்குது. அதால எடுக்கேக்கை சுருக்கமாக் கதை.

மருமகனோட சண்டை பிடியாதை. அவர் சொன்னது சரி. நேரத்துக்குப் படு, நல்லாச் சாப்பிடு.

அப்பா

•

பள்ளிமுனை,
13.06.2024

என் செல்ல மகளுக்கு,

என்னத்தை எழுத, எங்க தொடங்க? நேற்றுக் காலமை பத்து மணிக்கு எஞ்சின் கொட்டிலுக்குள்ள நிக்கேக்கை போன் வெளிச்சம் போட்டுது, உன்ர பெயரோட. சொன்ன நாளுக்கு ஒரு கிழமை முந்தி! நீ கதைச்சதைக் கேட்டன், மகள். எல்லாத்தையும் விட, பிள்ளையின்ர அழுகையைக் கேட்டன். இந்தக் காதால கேட்டன். அது போதும் எனக்கு.

கிறீஸ் கையைக்கூடக் கழுவேல்லை, அப்பிடியே ரோட்டில இறங்கிட்டன். முனவ்வர் கடையில முதல் சொன்னன். அவர் கட்டிப்பிடிச்சிட்டார். லட்டு வாங்கி நாப்பது வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் குடுத்தன். சுவாமி பின்னேரப் பூசையில அறிவிச்சவர். சனம் கை தட்டினது. அம்மாவின்ர கல்லறைக்கும் போய்ச் சொல்லிப்போட்டு வந்தன்.

ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டு சொன்னனீ, சந்தோசத்தில எனக்கு விட்டுப்போச்சு. எழுது. பெயர் என்ன? படம் ஒண்டு அனுப்பு, என்ர பட்டன் போனில வராது, கடதாசியில அடிச்சு. சட்டம் போட்டு வைக்கவேணும்.

பேரப்பிள்ளை கண்ட
அப்பா

•

பள்ளிமுனை,
14.07.2024

அன்பு மகளுக்கு,

ஒரு மாதமாப் போச்சு. கடிதமுமில்லை, படமுமில்லை. பச்சை உடம்பு, எழுத நேரமிராது எண்டு என்னையே சமாதானம் பண்ணுறன். ஆனாலும் சந்திக்குப் போனா, "பேரப்பிள்ளையின்ர படம் வந்ததோ?" எண்டு சைகையால கேக்குதுகள். தபால் கந்தோருக்கு இந்தக் கிழமை மூண்டு தரம் போட்டன்.

என்னில ஏதும் கோவமோ? நான் ஏதும் பிழையாக் கதைச்சனோ? சாந்தனெண்டாலும் ரெண்டு வரி எழுதட்டும்.

அப்பா

•

பேர்கன்,
04.08.2024

அப்பாவுக்கு,

உங்கட ரெண்டு கடிதமும் மேசையில கிடக்குது. பதில் எழுதவெண்டு எத்தனையோ தரம் இருந்து எழும்பிட்டன்.

பிள்ளை இல்லை, அப்பா. பிள்ளை செத்துத்தான் பிறந்தது. அதைச் சொல்லத்தான் உங்களுக்கு எடுத்தனான். வேற ஒருத்தருக்கும் எடுக்கேல்லை. சாந்தனையும் ஒருத்தருக்கும் சொல்லவேண்டாமெண்டு தடுத்து வைச்சிட்டு, முதல் அப்பாட்டைச் சொல்லவேணும், அவர் ஏதாவது ஒரு சொல்லுச் சொல்லுவார் எண்டு எடுத்தனான்.

நீங்கள் என்ன சொன்னீங்கள் தெரியுமே? "சந்தோசம் மகள், நல்ல சந்தோசம், மாதாவுக்கு நன்றி" எண்டு சொல்லிச் சிரிச்சீங்கள். எல்லாருக்கும் சொல்லப்போறன் எண்டு சொல்லிக் கட் பண்ணினீங்கள். அப்பாவுக்கு மூளை பிசகிப்போச்சோ எண்டு நினைச்சன். பின்னேரம் பள்ளிமுனையில இருந்து வாழ்த்து வரத் தொடங்கினது, பூப்படம், தொட்டில் படமெல்லாம். அப்பதான் நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை எண்டு விளங்கினது. சாந்தன் அண்டைக்கும் அடுத்த நாளும் உங்களுக்கு நாலு தரம் எடுத்தவர். நீங்கள் எடுக்கேல்லை.

பிள்ளை அழுத சத்தம் கேட்டதெண்டு எழுதியிருக்கிறியள். அது நான், அப்பா. அழுதது நான்.

மெஷின் வேலை செய்யுதெண்டு ஏன் எழுதினீங்கள்? வேலை செய்யாதெண்டு தெரிஞ்சிருந்தா நான் போனில சொல்லியிருக்கமாட்டன். கம்பனிக்காரர் பொய் சொன்னவை, சரி. நீங்களும் ஏன் சொன்னீங்கள்?

இனி எனக்கு எடுக்கவேண்டாம்.

நிருஷா

•

பள்ளிமுனை,
25.08.2024

மகளுக்கு,

உன்ர கடிதத்தைக் கொட்டிலுக்குள்ள நிண்டு வாசிச்சன். வாசிச்சு முடிச்சு, திரும்ப முதலில இருந்து வாசிச்சன்.

உண்மையைச் சொல்லுறன். முருங்கனில ஒரு பெடியனுமில்லை. மெஷின் ஒருநாளும் சரிவரேல்லை. உன்ர பிறசர் எண்டதை வாசிச்சாப்போல பயந்திட்டன். என்ர காதுக்காக நீ அலைஞ்சு உன்ர பிள்ளைக்கு ஒண்டு வந்திட்டா எண்ட பயத்தில அந்தக் கடிதத்தை எழுதினனான். அதுக்குப் பிறகு நீ எடுக்கிற நேரமெல்லாம் விசிலுக்குள்ள ஒண்டும் விளங்காமல் ஓம், ஓம் எண்டு சொல்லிக்கொண்டு, நானே கதைச்சு நானே வைச்சிடுவன். பற்றரியெண்டதும் பொய்.

அண்டைக்கும் அப்பிடித்தான். உன்ர பெயரைக் கண்டன். காதுக்குள்ள கூவினது. அதுக்குள்ள ஒரு அழுகை கேட்டது. நாள் கிட்டின நேரம், பிள்ளையெண்டு நினைச்சன். என்ர சொந்தப் பிள்ளையின்ர அழுகையை எனக்கு மட்டுக்கட்டத் தெரியேல்லை. சாந்தன் எடுத்ததும் கண்டனான். எடுத்தா என்ர பொய் பிடிபட்டிடுமெண்டு போனைக் கவிட்டு வைச்சனான். அதையும் சொல்லத்தான் வேணும்.

லட்டுக் குடுத்த நாப்பது வீட்டுக்கும் திரும்பப் போனன். மூண்டு நாள் எடுத்தது. ஆரையாவது விட்டுச் சொல்லுவிக்கலாமெண்டு முனவ்வர் சொன்னார். நான்தான் குடுத்தனான், நான்தான் போகவேணும். படலையில நிண்டு, "நிருஷாவின்ர பிள்ளை தங்கேல்லை, நான் பிழையாச் சொல்லிப்போட்டன்" எண்டு சொன்னன். சனம் என்னமோ சொன்னதுகள். வாய் அசையிறதைத்தான் கண்டன். ஒரு வீட்டில கிழவி ஒண்டு என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு விடேல்லை. அம்மாவின்ர கல்லறைக்குப் போகத்தான் எனக்கு இன்னும் துணிவு வரேல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காகப் பூசை ஒப்புக்குடுத்தது. சுவாமி பெயர் என்னவெண்டு ஒரு துண்டில எழுதிக் கேட்டார். எனக்குத் தெரியாது. நிருஷாவின்ர பிள்ளை எண்டு எழுதிக் குடுத்தன்.

போன் எடுக்கமாட்டன். மன்னிக்கச் சொல்லியும் கேக்கமாட்டன். ஒண்டே ஒண்டு கேக்கிறன், மகள். அண்டைக்கு நீ எனக்குச் சொன்னதை இன்னொருக்காச் சொல்லு. எழுதிச் சொல்லு. கண் எனக்கு நல்லாத் தெரியும். ஒரு சொல்லும் விடாமல் வாசிப்பன்.

அப்பா

•

பேர்கன்,
22.09.2024

அப்பா,

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு பிள்ளை அசையேல்லை. பச்சைத்தண்ணி குடிச்சுப்போட்டு இடப்பக்கம் சரிஞ்சு படுத்துப் பார்த்தன். அசையேல்லை. ஆசுபத்திரிக்குப் போனம். ஸ்கான் பண்ணின பொம்பிளை வெளியில போய் டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தவ. டொக்டர் திரையை மற்றப் பக்கம் திருப்பிப்போட்டு என்ர கையைப் பிடிச்சா. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

ஆனாலும் பெறத்தானே வேணும். புதன் விடியப் பெத்தன். பொம்பிளைப் பிள்ளை, அப்பா. ரெண்டு கிலோ தொளாயிரம். தலை நிறைய மயிர். மூக்கு சாந்தன்ர மூக்கு. நேர்ஸ் குளிப்பாட்டி, நாங்கள் கொண்டுபோன மஞ்சள் உடுப்பைப் போட்டு என்ர நெஞ்சில வைச்சவ. சூடு கொஞ்சம் இருந்தது. அது என்ர சூடுதான் எண்டு பிறகுதான் விளங்கினது. அந்த அறைக்குள்ள ஒரு சத்தமும் இல்லை.

பெயர் றொசானி. கல்லறைக் கல்லில அப்பிடித்தான் வெட்டியிருக்கு. சுவாமியிட்டச் சொல்லுங்கோ.

சாந்தன் பிள்ளையை வாங்கிக்கொண்டு யன்னலுக்குப் பக்கத்தில போய் நிண்டார். நேர்ஸ் என்னட்ட, "ஆருக்காவது சொல்லவேணுமோ?" எண்டு கேட்டா. அப்பாவுக்கு எண்டு சொன்னன். போனை எடுத்துத் தந்தவ. அஞ்சாறு தரம் அடிச்ச பிறகு எடுத்தீங்கள்.

"அப்பா, பிள்ளை தப்பேல்லை" எண்டு சொன்னன். "எனக்குப் பயமாக் கிடக்குது, அப்பா, நான் என்ன செய்ய?" எண்டு கேட்டன். அதுக்கு மேல கதைக்க ஏலாமல் அழுதன்.

இவ்வளவும்தான் அண்டைக்கு நான் சொன்னது. எனக்கு இன்னும் மறுமொழி கிடைக்கேல்லை, அப்பா. எழுதுங்கோ.

நிருஷா