உமரிச் செடியில் பூத்த ஏழு நீலப் பூக்கள்

இன்று காலை அலுவலகத்தில் புதுக் கோந்துப் புட்டி ஒன்றைத் திறந்தேன். வழக்கமாக வருவது சீமைக் கோந்து. அதற்கு மணமே கிடையாது. இந்த முறை பியூன் எங்கிருந்தோ வேலம்பிசின் கொண்டுவந்து, தண்ணீரில் ஊறவைத்து நிரப்பியிருந்தான். மூடியைத் திருகியதும் அந்த லேசான புளித்த வாடை மேலே வந்தது. தோல் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்ட வேண்டிய நேரத்தில், செத்து ஐந்து மாதமான நீ வந்து என் மேஜைமேல் உட்கார்ந்துகொண்டாய். நீ போனதற்கு வருந்துகிறேன் என்று எழுதப் போவதில்லை. நீ இருந்தபோதே நமக்குள் அந்தப் பொய் கிடையாது.

நாம் பி.ஏ. படித்த காலத்தில் வகுப்பில் இருபத்திரண்டு பேர். அதில் இருபத்தோரு பேர், தாவரசாஸ்திரத்தில் சுலபமாகத் தேறலாம் என்று யாரோ சொன்னதை நம்பி வந்தவர்கள். நீயும் அவர்களில் ஒருவன். நான் ஒருவன்தான் செடிக்காக வந்தவன். கிண்டிக் காட்டில் முள் கிழித்த வேஷ்டியோடு நான் வகுப்புக்கு வந்தால், பின் பெஞ்சிலிருந்து நீ குரல் கொடுப்பாய். "ஏன்டா, செடி உன்னைப் பறிச்சுதா, நீ செடியைப் பறிச்சியா?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அப்போது என்னால் சிரிக்க முடிந்தது. ஏனென்றால் என் வாழ்க்கை எதற்காக என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அந்த வயதில் அது தெரிந்தவனை யாரும் கேலியால் தொட முடியாது.

கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை ஒன்று அந்த ஆண்டு காலியாக இருந்தது. மாணவர்களுக்குச் செடியை அறுத்துக் காட்டி, மைக்ராஸ்கோப்பைத் திருப்பி வைத்து, மீதி நேரத்தில் நம் சொந்த ஆராய்ச்சியைச் செய்துகொள்ளும் வேலை. அது எனக்குத்தான் என்று பேராசிரியருக்குத் தெரியும், வகுப்புக்குத் தெரியும், ஹாஸ்டல் சமையற்காரருக்குக்கூடத் தெரியும். அடையாற்றின் கழிமுகத்துச் செடிகளை ஒன்று விடாமல் எழுதி முடிக்க வேண்டும் என்று ஒரு நோட்டுப் புத்தகமே தைத்து வைத்திருந்தேன்.

அந்தக் கழிமுகத்துக்கு ஒரு நாள் விடியற்காலையில் நீயாக என்னைக் கூப்பிட்டாய். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். விடியற்காலையில் நீ விழித்து யாரும் பார்த்ததில்லை. சேற்றில் முழங்கால் வரை இறங்கி நின்றோம். வலை உதறிக்கொண்டிருந்த குப்பத்துக்காரர் ஒருவர் நம்மைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா நைனா, மீனே இல்லாத சேத்துல இன்னாத்த தேடிக்கினு கீறீங்கோ?"

"இவனுக்கு ஒரு வேலை தேடறோம்பா" என்றாய் நீ.

"சேத்துலயா? ரெண்டா கெடச்சா எனக்கொண்ணு சொல்லு நைனா."

அவர் சிரிப்பு அடங்குவதற்குள் நீ கையை நீட்டிக் காட்டினாய். மேட்டோரத்தில் ஓர் உமரிச் செடி. உமரிக்கு இலையும் கிடையாது, கண்ணில் படும்படியான பூவும் கிடையாது. இதற்கு ஏழு பூக்கள் இருந்தன. நல்ல நீலம். வேரோடு எடுத்துத் தகரப் பெட்டியில் வைத்தேன். நீ பக்கத்தில் நின்று, "டேய், உலகத்துல யாரும் பார்க்காததை நீ பார்த்துட்டே" என்றாய். உன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

பேராசிரியர் அந்தச் செடியை ஒரு நிமிஷம் பார்த்தார். என்னையும் ஒரு நிமிஷம் பார்த்தார். "இன்னொரு தரம் நன்னா பாரும். நாளைக்கு வகுப்புல சொல்லும்" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நான் பார்க்கவில்லை. நான் எழுதினேன். என் பெயருக்கு லத்தீன் வால் ஒட்டி அதற்குப் பெயர் வைத்தேன். சாயங்காலத்துக்குள் ஏழு பூக்களும் சுருங்கிவிட்டன. செடி மட்டும் பச்சையாக நின்றது. வர்ணனையில், 'பூக்கள் அற்ப ஆயுள் உடையவை' என்று அழகான கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தேன். பிறகு அறை அறையாகப் போய் எல்லோருக்கும் காட்டினேன். உன் அறைக்கும் வந்தேன். நீ இல்லை.

மறுநாள் வகுப்பில் நான் வாசித்து முடித்தேன். பேராசிரியர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். செடியைத் தலைகீழாக அதில் அமிழ்த்திப் பிடித்தார். நீ ஒட்டியிருந்த வேலம்பிசின் கரைந்தது. புல்தரையில் பூக்கும் சாதாரண விஷ்ணுகிராந்திப் பூக்கள் ஏழும் ஒவ்வொன்றாகக் கழன்று மேலே வந்து மிதந்தன. வகுப்பில் யாரோ, "சார், பூவைக் கழட்டி வெச்சுட்டா, அம்மணிக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிற நாள் போலிருக்கு" என்றான். அந்தச் சிரிப்பு கடற்கரை வரை கேட்டிருக்கும்.

மார்க்கில் எனக்கு அடுத்தவன் நீ; வேலை உனக்குப் போயிற்று. நான் துறைமுகத்தருகே ஒரு தோல் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். இன்னும் அதே நாற்காலி.

உன்னை நான் மன்னிக்காததற்கு அது மட்டும் காரணம் இல்லை. நாலைந்து வருஷம் கழித்துக் குளத்தங்கரையில், கையில் கத்தரிக்காய்ப் பையோடு உன்னைப் பார்த்தேன். ஆராய்ச்சி எப்படிப் போகிறது என்று கேட்டேன். "ஆராய்ச்சியா? செடில என்னடா இருக்கு. பத்து மணிக்குப் போனா நாலு மணிக்கு ஆத்துக்கு வந்துடலாம். அதுக்குத்தான் இந்த வேலை" என்றாய். நான் உயிரைக் கொடுத்துக் கேட்டிருந்த ஒன்றை நீ வெற்றிலைப் பெட்டி மாதிரி இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தாய். திருடியவன் அனுபவித்தாலாவது ஒரு நியாயம் உண்டு.

உனக்கு க்ஷயம் என்று கேள்விப்பட்டபோது என் மனசு துள்ளியது என்று எழுதினால் படிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். துள்ளத்தான் செய்தது. நீ ஆள் அனுப்பிக் கூப்பிட்டாய் என்றுதான் வந்தேன். மின்சார ரயிலில் மாம்பலத்தில் இறங்கி, தூசு பறக்கும் புதுத் தெருக்களில் உன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். நீ மன்னிப்புக் கேட்கப் போகிறாய் என்று நினைத்தேன். அதை எப்படி மறுப்பது என்று வழியெல்லாம் வார்த்தை கோத்துக்கொண்டு வந்தேன்.

நீ மன்னிப்புக் கேட்கவில்லை. இருமலுக்கு நடுவில் இதைத்தான் சொன்னாய்.

"செடியை எடுத்த அன்னிக்குச் சாயங்காலம் நான் புரொபசர் ஆத்துக்குப் போனேன்டா. நான்தான் ஒட்டினேன், அவன்மேல தப்பில்லேன்னு சொன்னேன். அவர் சிரிச்சார். பார்த்த உடனே தெரிஞ்சுதுன்னார். 'அதனாலதான் திருப்பிக் கொடுத்தேன். லென்ஸ் வெச்சுப் பார்த்துட்டு, இது ஒட்டினதுன்னு நாளைக்கு வந்து சொன்னான்னா வேலை அவனுக்கு. நீர் வாயைத் திறக்கப்படாது'ன்னு சத்தியம் வாங்கிண்டார்."

"நீ சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"நீ பார்த்துடுவேன்னு நெனச்சேன்டா. குருடனுக்குக்கூடத் தெரியுமே."

நான் எழுந்துவிட்டேன். நீ விடவில்லை. "வேலை போனா போறது. அடையாத்துக்குப் போகவேண்டாம்னு உங்கிட்ட யார் சொன்னா? பதினஞ்சு வருஷம் ஞாயித்துக்கிழமை வந்துதே. அந்த நோட்டுல அப்புறம் ஒரு செடியாவது எழுதினியா?"

எழுதவில்லை. அந்த வெந்நீர்ப் பாத்திரத்துக்குப் பிறகு நான் அந்தச் சேற்றில் கால் வைத்ததே இல்லை. நீ கெடுத்தாய் என்று சொல்லிக்கொள்வது செடி தேடுவதைவிடச் சுலபமாக இருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம். அதைத்தான் நான் தொழிலாகச் செய்து வந்திருக்கிறேன் என்று நீ படுத்தபடியே கண்டுபிடித்துவிட்டாய். குடிக்கத் தண்ணீர் எடுத்துத் தரச் சொன்னாய். அது காதில் விழாததுபோல வாசலுக்கு வந்துவிட்டேன். அந்த வாரமே நீ போய்விட்டாய்.

பதின்மூன்றாம் நாள் உன் வீட்டில் சாப்பாடு. பழைய வகுப்புக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். உன்னைப் பற்றி ஏதாவது சொல்லு என்றார்கள். இந்தப் பூக் கதையைச் சொன்னேன். நன்றாகச் சொன்னேன், இலை முன்னால் உட்கார்ந்து எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பேராசிரியர் செடியை என்னிடம் திருப்பிக் கொடுத்ததை மட்டும் சொல்லவில்லை. நீ அவர் வீட்டுக்குப் போனதையும் சொல்லவில்லை.

நான் புறப்படும்போது உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து உன் மனைவியின் குரல் கேட்டது.

"அண்ணா, ஒரு நிமிஷம். அந்த வேலை உங்களுக்கு வரவேண்டியதா? இவராலயா போச்சு?"

"ஆமாம்மா" என்றேன்.

"அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். மனசுல வெச்சுக்காதீங்கோ" என்றாள். அழுதுகொண்டிருந்தாள்.

உண்மையைச் சொல்ல அந்த ஒரு வாசற்படி தூரம்தான் இருந்தது. "பரவாயில்லைம்மா, போனது போகட்டும்" என்று பெரிய மனுஷனாகச் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினேன். இன்னும் அவளுக்கு உண்மை தெரியாது. அந்த மன்னிப்பை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். பதினைந்து வருஷத்தில் எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அதைத் திருப்பித் தருவதாக இல்லை.