ஜோவெலினின் பதினெட்டாவது ரோஜா

வின்னிபெக்,
பிப்ரவரி 19

அன்புள்ள தெர்யோ அண்ணனுக்கு,

தங்கை பெர்லிட்டா எழுதுவது. இங்கே நான், ஒரெஸ்ட், ஜோவெலின் மூவரும் நலம். உங்கள் முழங்காலுக்கு அனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா? போனிலேயே கேட்டிருப்பேன். நீங்கள்தான் எடுப்பதில்லையே. அதனால்தான் ஊருக்கு வரும் மரிவிக் அக்காவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் மருமகள் ஜோவெலினுக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டது. தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் விழா வைத்தோம். வெளியே முட்டளவு பனி. உங்களுக்கு விசா மறுத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், தள்ளிப் போடலாம் என்றேன். அவள் ஒப்பவில்லை. மாமா சின்ன வயதிலிருந்து சொன்னபடியே எல்லாம் நடக்க வேண்டும் என்றாள்.

ஒரெஸ்டின் அம்மா ஹலீனா தேன் கேக் செய்து வந்திருந்தார். உதவி செய்வதாக நினைத்து, பெரிய தட்டில் இருந்த நூடுல்ஸை, சாப்பிட வசதியாக இருக்கட்டும் என்று கத்தியால் துண்டு துண்டாக நறுக்கிவிட்டார். பிறந்தநாள் நூடுல்ஸை யாராவது நறுக்குவார்களா? ஆயுளையே வெட்டியது போலாகிவிட்டது என்று மரிவிக் அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். விஷயம் தெரிந்ததும் ஹலீனா அழாத குறை. பிறகு நேராக ஜோவெலினிடம் போய், காதைப் பிடித்து வயதுக்கு ஒன்றாக இழுத்தார். அவர்கள் உக்ரைன் வழக்கமாம். "இழுக்க இழுக்க ஆயுசு நீளும். நான் வெட்டினதுக்கு இது சரியாப்போச்சு" என்றார். ஜோவெலின் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு, நம் ஊர் வழக்கப்படி பதினெட்டு வயதுக்குப் பதினெட்டு ரோஜா நடனம். என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள், தேவாலயத்துப் பையன்கள் என்று ஒவ்வொருவராக வந்து ரோஜா கொடுத்து அவளோடு ஆடினார்கள். கடைசியான பதினெட்டாவது ரோஜா அப்பாவின் இடம். ரோமுலோ இறந்த பிறகு அது உங்கள் இடம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. நான் இங்கே தனியாக வேலை செய்த ஆண்டுகளில் அவளுக்குச் சோறூட்டி, பள்ளிக்கு அனுப்பி வளர்த்தது நீங்களும் அண்ணியும்தானே. விசா இல்லை என்றானதும், "உன் வீட்டுக்காரனை ஆடச் சொல்லு. அதான் அங்க ஒரு அப்பன் இருக்கானே" என்று சொல்லிப் போனை வைத்தீர்கள். வேறு வழி தெரியாமல் ஒரெஸ்டின் பெயரைக் கொடுத்தேன்.

பெயரைக் கூப்பிட்டதும் அவர் எழுந்து வந்தார். லாரி பழுது பார்க்கும் அந்தப் பெரிய கையில் ரோஜா காணாமலே போயிருந்தது. அதை அவளிடம் கொடுத்துவிட்டு, "இது உங்க மாமாவோட இடம். முதல்ல அவரைக் கூப்பிடு. அதுவரைக்கும் நான் நிக்கிறேன்" என்றார். இப்படிச் சொல்லப்போகிறார் என்று எனக்கே தெரியாது.

உங்களுக்கு அப்போது ஞாயிறு காலை, கடலுக்குப் போகாத நாள். அவள் வீடியோவில் கூப்பிட்டாள். மைக் பக்கத்தில் இருந்ததால் மணி அடிப்பது கூடம் முழுக்கக் கேட்டது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் ஓய்ந்தது. "மாமா படகுல இருப்பார்" என்று மைக்கில் சொல்லிச் சிரித்தாள். ஒரெஸ்ட் கையை நீட்டினார். அவள் தலையை அசைத்துவிட்டு, அவர் தோளில் சற்று நேரம் சாய்ந்து நின்றாள். ஆடவில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நேற்று நெனிட்டா அண்ணி பேசும் வரை அது இருந்தது.

அன்று விடிந்ததும் முடி வெட்டிக்கொண்டு வந்தீர்களாம். கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடச் சொல்லி உடுத்திக்கொண்டு, போனை மேசைமேல் சாய்த்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தீர்களாம். மணி அடித்ததும் எழுந்து கரைப்பக்கம் போய்விட்டீர்களாம். "அவ முகத்தைப் பார்த்தா அழுதுடுவேன். நல்ல நாளும் அதுவுமா புள்ளை முன்னாடி அழக்கூடாது" என்று பிறகு சொன்னீர்களாம்.

அழுதிருக்கலாமே அண்ணா. இங்கே யார் அழவில்லை?

அண்ணி சொன்னதை ஜோவெலினிடம் நான் சொல்லவில்லை. அது உங்கள் வாயால் வர வேண்டியது. மாமாவுக்கு என்மேல் கோபமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். "ஊர்லயே இருந்திருந்தா மாமாவோட ஆடியிருப்பேன் இல்லம்மா?" என்றாள் ஒரு நாள். அடுத்த வருஷம் பத்தொன்பது. அதற்கு ரோஜாவும் கிடையாது, நடனமும் கிடையாது.

ஈஸ்டர் அன்று காலையில் அவள் உங்களைக் கூப்பிடுவாள். எடுங்கள் அண்ணா. ஒன்றும் பேச வேண்டாம். அழுகை வந்தால் வரட்டும். போனைக் காதில் வைத்துக்கொண்டிருங்கள், போதும். மற்றதையெல்லாம் அவள் பேசிக்கொள்வாள்.

கடவுள் உங்களையும் அண்ணியையும் காக்கட்டும்.

என்றும் உங்கள் தங்கை,
பெர்லிட்டா