அண்ணன் பிடித்த கயிறு

ஆகஸ்ட், இரண்டாம் சனி

கலைக் கண்காட்சியில் எல்லாரும் பாராட்டினார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

இங்கே கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவனின் கயிற்றை மச்சான்தான் படகிலிருந்து பிடிப்பான். தங்கச்சி தாலியறுக்க விடமாட்டான் என்று நம்பிக்கை. என் வீட்டுக்காரருக்கும் என் அண்ணன்தான் பிடித்தான். அவரைப் பிணமாகத்தான் தூக்கினார்கள். இழுக்கச் சொல்லிக் கயிறு அசையவே இல்லை என்றான் அண்ணன். நம்பினேன்.

அதைத்தான் செய்துகாட்ட நினைத்தேன். உடைந்த சங்குகளை ஒட்டி ஆளுயரத்துக்கு அவர் உருவம், அதன் காலடியில் கண்ணாடித் தொட்டி, தண்ணீருக்குள் நான். வெளியே கயிற்றோடு அண்ணன். நான் அசைத்தால் இழுக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஒத்திகை பார்த்தபோது சரியாகத்தான் இழுத்தான்.

இன்று அசைத்தேன். இழுக்கவில்லை. மறுபடி அசைத்தேன். மூச்சு முட்டி நானாகவே எழுந்தேன். நடிப்பென்று நினைத்துக் கை தட்டினார்கள். கயிற்றைப் பிடித்தபடியே அண்ணன் நின்றான்.

"ஏளா, நீ அசைச்சது தெரிஞ்சுது. கைதான் மரத்துப்போச்சு, அன்னைக்கு மாதிரியே," என்றான்.

என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைக்கவில்லை. ஈரச்சேலையை மாற்றிக்கொள்ளச் சொன்னான்.

நாளைக்கும் ஐந்து மணிக்குத் தொட்டியில் இறங்க வேண்டும். கயிற்றை யாரிடம் கொடுக்க?