அடித்தவன் பெயர்

திருமயம்
9-11-2025

மரியே வாழ்க.

அன்பு மகள் சந்தனமேரிக்கு, அப்பா தன் கையால் எழுதுவது.

எழுத்து கோணலாக இருக்கும், மன்னித்துக்கொள். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி கீழே இறங்குகிறது. இரண்டு இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. "பெரியப்பா, அது கடப்பாரை இல்ல, பேனா" என்கிறார் எங்கள் சொர்ணவல்லி டீச்சர். இந்தக் கடிதம் எழுத ஆறு நாள் ஆனது.

எழுபத்து நாலு வயதில் பள்ளிக்கூடம் போகிறேன் என்று சொன்னபோது நீ நம்பவில்லை. இப்போது நம்புவாய். வகுப்பில் பதினோரு பேர். நான் ஒருத்தன்தான் ஆம்பளை. நேற்று பஸ் ஸ்டாண்டில் நின்று எல்லா பஸ் போர்டையும் சத்தமாகப் படித்தேன். ஒரு கண்டக்டர், "ஏறப்போறீங்களா, இல்ல நீங்களே ஆள் கூப்புடப்போறீங்களா?" என்றார்.

இனி விஷயம். பிராங்க்ளின் அனுப்பிய வீடியோவை டீக்கடை மதுரைவீரன் தன் போனில் காட்டினான். ஐஸ் தரையில் என் பேரன் பிராங்க்ளின் மட்டையைக் கீழே போட்டான். கையுறைகளை உதறினான். எதிரில் ஒரு வெள்ளைக்காரன், கதவு உயரம், கதவு அகலம். ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்துக்கொண்டு சுற்றினார்கள். மூன்றாவது குத்தில் அவன் விழுந்தான். கடையே கை தட்டியது. மதுரைவீரன் ஏழு தடவை போட்டுக் காட்டினான்.

பிறகு பிராங்க்ளினைக் கண்ணாடி அடைப்புக்குள் தனியாக உட்கார வைத்தார்கள். "ஜெயிச்சவனுக்குத் தனி சீட்டு பாரு" என்றான் டீ குடித்துக்கொண்டிருந்த ராமு. "அட கூறுகெட்டவனே, அது தண்டனை. அஞ்சு நிமிசம் உள்ள இருக்கணும்" என்றான் மதுரைவீரன். "அஞ்சு நிமிசந்தானா? இங்கிட்டுன்னா அஞ்சு வருசம்ல!" என்று ராமு சொல்ல, சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது.

அவன் ஹாக்கி விளையாடுகிறான் என்று மட்டும்தான் நீ சொல்லியிருந்தாய். கோல் போடுகிறவன் என்று நினைத்திருந்தேன். என் கை அவனுக்கு வந்திருப்பதை ஏன் தாயி சொல்லவில்லை? போனில் அவனிடம், "ஊரே பாத்துச்சுடா, தாத்தன் பேரக் காப்பாத்திட்டே" என்றேன். எவ்வளவு புரிந்ததோ, சிரித்தான்.

நலம் விசாரித்து எழுத வேண்டும் என்று டீச்சர் சொல்லிக் கொடுத்தார். எனக்கு நலம். உன் குரலில்தான் கொஞ்ச நாளாக ஏதோ குறைகிறது. அதைக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா அடைக்கலம்
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)


கனடா
30-11-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உறை மேல் இருந்த எழுத்து யாருடையது என்று தெரியாமல் பிரித்தேன். உங்கள் கையெழுத்தை நான் பார்ப்பது இதுதான் முதல் முறை. என் ரேங்க் கார்டுகளில் எல்லாம் உங்கள் கட்டைவிரல்தான் இருக்கும். காரில் உட்கார்ந்து அழுதேன்.

பெரிய எழுத்தாக, இடம் விட்டு எழுதுகிறேன். நீங்களே மெதுவாகப் படியுங்கள். மதுரைவீரன் கடைப் போனில் பேசக்கூடிய விஷயம் இல்லை இது.

வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. ஐந்து வருடத்தில் பிராங்க்ளின் போட்ட கோல் நாலு. அவனைக் கோலுக்காக வைத்திருக்கவில்லை. அவன் அணியில் சின்ன உடம்போடு வேகமாக ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள், கோல் போடுவது அவர்கள். அவர்களை எதிரணியில் யாராவது முரட்டுத்தனமாக இடித்தால், பயிற்சியாளர் இவன் தோளைத் தட்டுவார். இவன் இறங்கிப் போய் அடிக்க வேண்டும். எதிரணியிலும் அதற்கென்று ஒருவன் இருப்பான். இரண்டு பேருக்கும் கோபம் எதுவும் கிடையாது. மறுநாள் ஒன்றாகச் சாப்பிடக்கூடப் போவார்கள்.

அடிக்கிறவனும் வாங்குகிறான் அப்பா. மூன்று முறை தலையில் பலமாகப் பட்டிருக்கிறது. போன மார்ச்சில் பதினோரு நாள் திரை போட்ட அறையில் படுத்திருந்தான். வெளிச்சம் பட்டால் வாந்தி. பிறகு ஒரு நாள் நம் வீட்டுக்கு வரும் வழியில் காரை நிறுத்திவிட்டு, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எனக்குப் போன் செய்தான். பன்னிரண்டு வருடமாக நாங்கள் இருக்கும் வீடு. இன்னொரு அடி விழுந்தால் எதற்கும் உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த இரண்டு வருட ஒப்பந்தம் அவன் மேசை மேல் இருக்கிறது. ஜனவரி 31-க்குள் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் கெஞ்சிப் பார்த்தாகிவிட்டது. "தாத்தாவுக்குப் பிடிச்சிருக்கும்மா" என்கிறான்.

நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று தெரிந்துதான் மறைத்தேன். சின்ன வயதில் எனக்கும் அது சந்தோஷம்தான். கல்குவாரி முதலாளிக்காக நீங்கள் யாரையாவது அடித்துவிட்டு வந்தால், மறுநாள் குழாயடியில் எனக்கு வழிவிடுவார்கள். பிறகு நாலாம் வகுப்பில் அய்யப்பன் மகள் செவந்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்வாள். "ஏன்டி கத்துறே, எனக்கென்ன காது கேக்காதா?" என்று டீச்சர் ஸ்கேலால் அடிப்பார். வீட்டில் அவள் அப்பாவிடம் அப்படிப் பேசியே பழகியிருந்தாள். அவருக்குக் காது எப்படிப் போனது என்று அந்த வகுப்பில் எங்கள் இருவருக்குத்தான் தெரியும்.

பிராங்க்ளினிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவன் அடிப்பது உங்களுக்குப் பெருமை இல்லை என்று. பொய்யாகவாவது.

உங்கள் மகள்,
சந்தனமேரி


திருமயம்
28-12-2025

மரியே வாழ்க.

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் படித்தேன். யாரையும் படிக்கச் சொல்லவில்லை.

பொய் சொன்னால் பிராங்க்ளினுக்குத் தெரிந்துவிடும். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. குவாரியில் முதலாளி என்னிடம் வேறு வேலை எதுவும் சொன்னதில்லை. "அடைக்கலம், லாரிக்குப் பக்கத்துல நில்லு" என்பார். நிற்பேன். லோடு சீட்டு எழுதும் இடத்துக்கு மாற்றுங்கள், கற்றுக்கொள்கிறேன் என்று ஒருமுறை கேட்டேன். "ஒனக்கு எதுக்குப்பா எழுத்து? ஒன் கையே போதும்" என்றார். அதைப் பாராட்டு என்று நினைத்து முப்பது வருஷம் நின்றேன்.

அய்யப்பன் பக்கத்துக் குவாரியில் சீட்டு எழுதியவன். பாதைத் தகராறில் எங்கள் லாரியை மறித்தான். அவனுக்குத் திருப்பி அடிக்கக்கூடத் தெரியாது. அடிபட்டவனை அடித்தவன் போய்ப் பார்ப்பது நம் பக்கத்து முறை. "போனா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்" என்று முதலாளி தடுத்தார். நான் போகவில்லை.

முந்தாநாள் போனேன். இப்போது திருக்கோகர்ணத்தில் செவந்தி வீட்டில் இருக்கிறான். ஒரு சீப்பு பழமும் கிறிஸ்துமஸ் கேக்கும் வாங்கிக்கொண்டு, போர்டைப் படித்து டவுன் பஸ் ஏறினேன். கதவைத் திறந்த செவந்தி "வாங்க" என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே உள்ளே திரும்பி, "அப்பா! அடைக்கலம் வந்திருக்காரு!" என்று கத்தினாள். "யாரு?" என்றான். மூன்று தடவை கத்தினாள். எதிர் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். இன்னொரு காதும் வயதில் போய்விட்டதாம்.

பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததை எல்லாம் தெருவே கேட்கும்படி கத்தித்தான் சொல்ல வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. பையில் வகுப்பு நோட்டு இருந்தது. அதில் எழுதினேன். "நான் அடித்தேன். உன் மேல் தப்பு இல்லை. பார்க்க வராதது இன்னும் பெரிய தப்பு." எழுத வெகு நேரம் ஆனது. அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் கையையே பார்த்திருந்தான்.

படித்துவிட்டு, "இத எழுத நாப்பது வருசம் ஆச்சா ஒனக்கு?" என்றான்.

முதலாளி மேல் கோபம் இல்லையா என்று எழுதிக் கேட்டேன். "எந்த மொதலாளி? அவம் பேரு மறந்துபோச்சு. ஒம் பேருதான் மறக்கல."

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. செவந்தி காபி கொடுத்தாள். கிளம்பும்போது, "நோட்டுல இன்னும் பக்கம் இருக்கா?" என்று கேட்டான். இருக்கிறது என்று தலையாட்டினேன்.

இதைப் பிராங்க்ளினுக்கு அப்படியே படித்துச் சொல். எதையும் குறைக்காதே. நான் பெருமைப்பட்டதையும் விடாதே.

அப்பா அடைக்கலம்


கனடா
8-2-2026

அன்புள்ள அப்பாவுக்கு,

சமையலறையில் உட்கார வைத்துப் படித்துச் சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் கேட்டான். முடிந்ததும், "அவர் திருப்பி அடிக்கலைல்ல? நாங்க ரெண்டு பேரும் சம்மதிச்சுத்தான் அடிச்சுக்குவோம். இது வேற" என்று எழுந்து போய்விட்டான்.

நாலு நாள் கழித்து, எங்கே என்று சொல்லாமல், ஆறு மணி நேரம் பஸ்ஸில் போயிருக்கிறான். வீடியோவில் விழுந்தானே, அவன் வீட்டுக்கு. அன்றைக்குப் பிறகு அவன் ஆடவே இல்லையாம். அந்த வீட்டில் எல்லாரும் குசுகுசுவென்றுதான் பேசுகிறார்களாம். சத்தம் கேட்டால் அவனுக்குத் தலை தாங்காது. மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று இருக்கிறது. பிராங்க்ளினைப் பார்த்ததும் சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து ஹலோ சொன்னதாம். வந்து இதை என்னிடம் சொன்னான்.

31-ஆம் தேதி போய்விட்டது. கையெழுத்துப் போடவில்லை. அவன் இடத்துக்கு அணியில் இருபது வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொண்டார்கள்.

சந்தோஷமாக எழுத வேண்டிய கடிதம் இது. ஆனால் அவன் படுத்தே கிடக்கிறான். "எனக்கு வேற என்னம்மா தெரியும்?" என்கிறான். உங்கள் மேலும் கோபம். முப்பது வருஷம் செய்தவர் எனக்குச் சொல்கிறாரா என்று கேட்கிறான். ஆனாலும் இரண்டு நாளைக்கு ஒருமுறை, தாத்தா லெட்டர் வந்ததா என்று விசாரிக்கிறான்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று முடிக்க நினைத்தேன். இன்னும் வரவில்லை அப்பா.

சந்தனமேரி


திருமயம்
25-2-2026

மரியே வாழ்க.

அன்பு மகளுக்கு,

அவன் கேட்பது நியாயம். குவாரி வேலை போன பிறகு நானும் ஒரு வருஷம் சுவரைப் பார்த்துக் கிடந்தேன். உனக்கு நினைவிருக்கும். அப்போது யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. என் மேல் பயம். அவனுக்கு அப்படி ஆகக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அய்யப்பனைப் பார்க்கிறேன். போன ஞாயிறு நான் எழுதியதைப் படித்துவிட்டு, "ஒன் அடியவிட ஒன் கையெழுத்துதான்டா கொடுமை" என்றான். முதல் தடவையாகச் செவந்தி சிரித்தாள். பிராங்க்ளினுக்கு இதைச் சொல். என்னைத் திட்டுவது அவனுக்குப் பிடிக்கும்.

மன்னிப்பு வரவில்லை என்று எழுதியிருந்தாய். வராததை வந்ததாக எழுதாமல் விட்டாயே, அதுவே போதும்.

ஒன்று கவனித்தேன் தாயி. அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என் கடிதம் வந்தால் நீதான் படிக்க வேண்டும். அவன் எழுந்து வந்து உன் பக்கத்தில் உட்கார வேண்டும். என் எழுத்துக்கு அரை மணி நேரமாவது ஆகும்.

சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அப்பா அடைக்கலம்